பழைய படத்தை இழுத்துப் பார்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி

டூரிங் டாக்கீஸ்:
'ஞாயிறு என்ன படம் பார்த்தீர்கள்' திரியில் கடலைமிட்டாய் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். பழைய படத்தை இரு பக்கமும் கருப்புப் பட்டையோடு பார்க்கிறவர்கள், 55 இன்ச் டிவி வாங்கி 40 இன்ச்சுக்குப் படம் பார்க்கும் ஏமாளிகளாம். அவர் ரிமோட்டில், படத்தைப் பக்கவாட்டில் இழுக்கிற 'ஸ்ட்ரெச்' போட்டு, திரை முழுக்கக் 'கர்ணன்' பார்த்தாராம். 1964இல் பந்துலு எடுத்த படம் அது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். குருக்ஷேத்திரத்தில் தேர்ச் சக்கரம் வட்டமாக இருந்ததா?

கடலைமிட்டாய்:
வணக்கம் சார். என் பேரைப் போட்டே திரி தொடங்கிவிட்டீர்கள், சந்தோஷம். என் டிவி, என் சோபா, என் கரண்டு பில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படம் பார்க்கிறவன் காம்பஸை எடுத்து வைத்துக்கொண்டா உட்காருவான்? சிவாஜி பேசியது கணீரென்று கேட்டது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டெல்லாம் அப்படியே இருந்தது. எனக்கு அது போதும்.

டூரிங் டாக்கீஸ்:
காதைப் பற்றி நான் கேட்கவில்லை. சக்கரம் வட்டமாக இருந்ததா?

ரிமோட் மாமி:
எங்கள் வீட்டுக் கூத்தைக் கேளுங்கள். பட்டை வந்தால் போதும், டிவி ரிப்பேர் என்று என் வீட்டுக்காரர் கேபிள்காரருக்குப் போன் போட்டுவிடுவார். அந்தப் பையனும் வந்து எதையோ அமுக்கி, எல்லாரையும் குண்டாக்கிவிட்டுப் போவான். நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே பார்க்கிறவள். பாதி நேரம் தலை நிமிர்வதே கிடையாது. வசனம்தான் மனப்பாடம் ஆயிற்றே.

கடலைமிட்டாய்:
மாமி, கோடி நமஸ்காரம். வீட்டில் படம் பார்க்கிற லட்சணம் இதுதான். சார் மட்டும்தான் பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்க்கிறார்.

டூரிங் டாக்கீஸ்:
"எல்லாரையும் குண்டாக்கிவிட்டு" என்று மாமியே சாட்சி சொல்லிவிட்டார். கணக்கையும் சொல்கிறேன், முடிந்தால் மறுக்கட்டும். அந்தக் காலப் படத்தின் அளவு, அகலத்துக்கு உயரம், 1.37க்கு 1. இன்றைய டிவி 16க்கு 9. இழுத்தால் அகலம் 30 சதவீதம் கூடும், உயரம் அப்படியே நிற்கும். நெற்றியில் வட்டப் பொட்டு இருந்தால் அது படுத்துவிடும். 'ஜூம்' போட்டாலோ மேலும் கீழுமாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட கால்வாசிப் படம் காலி, கிரீடத்தைத் தேட வேண்டியதுதான். அப்புறம், 55 இன்ச் டிவியில் பட்டையோடு பார்த்தாலும் மூலைக்கு மூலை 45 இன்ச்சுக்குக் குறையாது. 40 எங்கிருந்து வந்தது?

கடலைமிட்டாய்:
40ஓ 45ஓ, மிச்ச இன்ச்சுக்கும் சேர்த்துத்தானே தவணை கட்டுகிறேன்? அதை நீங்கள் கட்டுகிறீர்களா?

நைட் ஷோ:
2019இல் டிஸ்னி பிளஸ் வந்தபோது 'தி சிம்ப்சன்ஸ்' பழைய எபிசோடுகளை அகலத் திரைக்கு ஏற்ப வெட்டித்தான் போட்டார்கள். ஒரு காட்சியில் மூன்று வகை பீருக்கு மூன்று தொட்டி இருக்கும், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் வரும். ஜோக்கே அதுதான். வெட்டியதில் குழாய் போயிற்று, ஜோக்கும் போயிற்று. ரசிகர்கள் போட்ட கூச்சலில் 2020இல் பழைய அளவையும் கொடுத்தார்கள்.

கடலைமிட்டாய்:
தம்பி, கர்ணனில் பீர்க் குழாய் எந்த ரீலில் வருகிறது?

மாட்டுத்தாவணி:
தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத் திரைப் படம் வந்ததே 1973இல் 'ராஜ ராஜ சோழன்' படத்தில்தான். அதற்கு முந்தி எல்லாம் சதுரம். அதனால் டூரிங் அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அண்ணன் தூர்தர்ஷனில் ஸ்கோப் படம் பார்த்ததே இல்லையா? டைட்டில் ஓடும்போது பெயரெல்லாம் ஒல்லியாக நெட்டையாக நிற்கும். முடிந்ததும் டக்கென்று இரண்டு ஓரமும் காணாமல் போகும். ஹீரோவின் மூக்கு மட்டும் ஓரத்தில் தெரியும், ஹீரோயின் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தோம். யாரும் சக்கரத்தை அளக்கவில்லை.

டூரிங் டாக்கீஸ்:
சதுரம் இல்லை. 1.37.

மாட்டுத்தாவணி:
சரி, சதுரம் மாதிரி.

டூரிங் டாக்கீஸ்:
மாதிரியெல்லாம் கிடையாது. மதுரையில் வேண்டுமானால் சதுரம் அப்படி இருக்கலாம்.

மாட்டுத்தாவணி:
மதுரையை ஏன் இழுக்கிறீர்கள்?

கடலைமிட்டாய்:
அவர்தான் எதையும் இழுக்கக் கூடாது என்கிற கட்சியாயிற்றே!

ரிமோட் மாமி:
சண்டை போடாதீர்கள். ராமாயணத்தை 1987இல் பக்கத்து வீட்டு சாலிடேர் டிவியில் இந்தி புரியாமலேயே பார்த்தேன். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது பெரிய டிவியில் பார்த்தேன். அனுமார் தாரா சிங், இழுக்காமலேயே அகலம்தான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

டூரிங் டாக்கீஸ்:
தெரியாது மாமி, அவரைக்காயைத்தானே பார்த்தீர்கள்.

ரிமோட் மாமி:
இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

கடலைமிட்டாய்:
பெரியவர்களிடம் பேசுகிற லட்சணமா இது? போன தீபாவளிக்கு மாயாபஜார் திரியிலும் இதே கதைதான். 1957 தெலுங்குப் படத்துக்குக் கலர் சேர்த்து, ஸ்கோப்பாக மாற்றி 2010இல் விட்டார்கள். குடும்பத்தோடு பார்த்து ரசித்தேன் என்று எழுதியதற்கு, "ரசனை செத்துவிட்டது" என்று எனக்கு இரங்கல் எழுதினீர்கள். மறக்கவில்லை சார்.

டூரிங் டாக்கீஸ்:
இப்போதும் அதேதான் சொல்கிறேன். கருப்பு வெள்ளைக்கு என்று விளக்கு வைத்து எடுத்ததைச் சாயத்தில் முக்கினால் நான் கைதட்ட வேண்டுமா? பேச்சை மாற்றாதீர்கள். இன்னொன்று கேட்கிறேன். புதுப் படம் போட்டால் மேலும் கீழும் இதே கருப்புப் பட்டை வருகிறதே, அப்போது எந்த கேபிள்காரரைக் கூப்பிடுகிறீர்கள்? மேலே கீழே வந்தால் 'சினிமா லுக்', பக்கத்தில் வந்தால் ரிப்பேரா? யாராவது பதில் சொல்லுங்கள்.

நைட் ஷோ:
இது நியாயமான கேள்விதான்.

கடலைமிட்டாய்:
தம்பி, நீங்கள் எந்தக் கட்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள். புதுப் படத்துக்கு டிக்கெட் எடுத்து தியேட்டரிலேயே பார்த்துவிடுகிறேன். நம் திரி பழைய படத்தைப் பற்றி.

டூரிங் டாக்கீஸ்:
பதில் இல்லை. குறித்துக்கொள்கிறேன். சக்கரத்துக்கும் பதில் இல்லை.

கடலைமிட்டாய்:
சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது சார். கதையே அதுதானே, நீங்கள் பார்க்கவில்லையா?

டூரிங் டாக்கீஸ்:
புதையாத பாதி எப்படி இருந்தது?

மாட்டுத்தாவணி:
நான் மதுரை விஷயத்தை விடுவதாக இல்லை. தமிழின் முதல் 70 எம்எம் 'மாவீரன்' 1986இல் வந்தது. ஆறு டிராக் சத்தத்தோடு அதை மதுரையிலேயே பார்த்தவன் நான். அண்ணன் ஊரில் அப்போது எத்தனை தியேட்டர்?

டூரிங் டாக்கீஸ்:
என் ஊர் இங்கே எதற்கு? 70 எம்எம்முக்குத் தனித் திரி தொடங்குங்கள். அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி:
தொடங்கியாயிற்று. வாருங்கள்.