கலைச்சொல் தேவை: ‘ஃபைனல் கேர்ள்’ – எஞ்சியவளா, பிழைத்தவளா, மிஞ்சியவளா?

அன்புள்ள குழுவினருக்கு,

1970களின் அமெரிக்க, கனடியத் திகில் படங்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்புக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ‘டீன் மூவி’க்குப் பதின்பருவப் படம் என்று வைத்தாயிற்று. விடலைப் படம் என்றும் ஒரு பரிந்துரை வந்தது. விடலை என்றால் பையன்தான் நினைவுக்கு வருவான், இந்தப் படங்களிலோ கதை பெண்களைச் சுற்றியே நடக்கிறது. கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுபோகும் ‘ஸ்லாஷர்’ வகை அப்படியே ஒலிபெயர்ப்பில் நிற்கட்டும். வெட்டுக்குத்துப் படம் என்று எழுதினால் நம் வாசகருக்கு அரிவாளும் பங்காளிப் பகையும்தான் தோன்றும்.

முட்டி நிற்பது ‘ஃபைனல் கேர்ள்’. அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர் 1987இல் ‘ரெப்ரசன்டேஷன்ஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் இது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட, கடைசியில் உயிரோடு நிற்கும் பெண். வரைவில் ‘கடைசிப் பெண்’ என்று இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செ.

———

செ. ஐயா,

‘கடைசிப் பெண்’ வேண்டவே வேண்டாம். “அவருக்குக் கடைசிப் பெண் கல்யாணம்” என்றால் என்ன பொருள்? கடைக்குட்டி மகள். கட்டுரைத் தலைப்பில் இதைப் படிப்பவர் குடும்பப் படம் என்றே எண்ணுவார். ‘இறுதிப் பெண்’ணும் ஆகாது. இறுதி என்றாலே ஊர்வலமும் சடங்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சாகாதவளுக்கு அந்தச் சொல் எதற்கு?

என் பரிந்துரை: பிழைத்தவள். பேச்சுவழக்கில் இருப்பது, விளக்கம் தேவைப்படாதது.

மு.

———

> என் பரிந்துரை: பிழைத்தவள்.

மு. அண்ணா, இலங்கையில் இது சரிவராது. எங்களுக்குப் பிழை என்றால் அன்றாடப் பேச்சிலேயே தவறு. கணக்குப் பிழை, நீங்கள் சொல்வது பிழை என்றுதான் கதைக்கிறோம். பிழைத்தல் என்ற வினைக்கும் தவறு செய்தல் என்ற பொருள் அகராதியில் உண்டு. வேறு படங்கள் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படங்களைப் பற்றித்தான் ‘தவறு செய்தவர்கள் சாகிறார்கள், தவறாதவள் தப்புகிறாள்’ என்ற வாசிப்பு ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. அந்த இடத்தில் போய்ப் ‘பிழைத்தவள்’ என்று எழுதினால் குழப்பம் இரட்டிப்பாகும். ‘தப்பியவள்’ என்பதற்கும் இதே வில்லங்கம். தப்புக்குள்ளும் தவறு இருக்கிறது.

எஞ்சியவள் என்று வைத்தால் என்ன? நடுநிலையான சொல்.

ந.

———

ந. அம்மா, ‘எஞ்சு’ தோன்றும் அளவுக்கு நடுநிலையானது அல்ல. பழைய வழக்கில் அது குறைதல், அற்றுப்போதல் பக்கம் சாயும். 44ஆம் குறளில் ‘வழியெஞ்சல்’ என்றால் வழித்தோன்றல் அற்றுப்போதல். எஞ்சாமை என்றால் குறையாமை. வகுத்த பிறகு கிடக்கும் மீதி போல, ஒன்றும் செய்யாமல் விடுபட்டவள் என்ற நிறம் அந்தச் சொல்லுக்கு வந்துவிடுகிறது.

சொல்லைத் தேர்வதற்கு முன் எந்தெந்தப் பாத்திரம் இதற்குள் வரும், எது வராது என்று முடிவு செய்வோம். நான்கு படங்களை வைத்துச் சோதித்தால் போதும்.

‘கேரி’ (1976): பள்ளி நடன விழாவில் கேரியின் தலையில் பன்றி இரத்தம் கொட்டுகிறது, அவள் மண்டபத்தையே கொளுத்துகிறாள். உயிரோடு மிஞ்சும் மாணவி சூ ஸ்னெல். அவள் எப்படித் தப்பினாள்? வம்பு செய்ய வந்திருக்கிறாள் என்று தவறாக நினைத்து உடற்பயிற்சி ஆசிரியை அவளை முன்பே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதால். அவள் எதிரியைச் சந்திக்கவில்லை, போராடவும் இல்லை. எஞ்சியவள் என்ற சொல் இவளுக்குத்தான் மிகப் பொருந்தும். ஆனால் இவள் ஃபைனல் கேர்ள் அல்ல. இங்கேயே அந்தச் சொல் தோற்றுவிடுகிறது.

‘த டெக்சஸ் செயின்சா மாசகர்’ (1974): வேன் ஒன்றில் வந்த ஐவரில் சாலி மட்டும் மிஞ்சுகிறாள். கொலைகாரக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் கட்டுண்டு எல்லாரையும் முகத்துக்கு முகம் பார்த்தவள். ஜன்னலை உடைத்துக் குதித்து, ஒரு பிக்கப் வண்டியின் பின்புறம் ஏறித் தப்புகிறாள். ஒருவரையும் வெல்லவில்லை. ஆனால் இவள் கணக்கில் வருவாள்.

‘பிளாக் கிறிஸ்மஸ்’ (1974, கனடா): மாணவியர் விடுதியில் ஜெஸ் மிஞ்சுகிறாள், ஆனால் தவறான ஆளைக் கொன்றுவிட்டு. உண்மையான கொலைகாரன் பரணிலேயே இருக்கிறான். மயக்க மருந்தில் அவள் கிடக்க, தொலைபேசி மறுபடி அடிக்கிறது. படம் அதோடு முடிகிறது. பாதி வருவாள்.

‘ஹாலோவீன்’ (1978): லாரி என்ற பள்ளி மாணவி. முழு உருவம் இங்கேதான். பின்னல் ஊசியால் கொலைகாரனின் கழுத்தில், துணி மாட்டும் கம்பியை நீட்டிக் கண்ணில், பிறகு அவன் கைநழுவிய கத்தியாலேயே அவனைக் குத்துகிறாள். அப்படியும் கடைசியில் துப்பாக்கியால் சுடுவது மருத்துவர் லூமிஸ்.

ஆக ‘வென்றவள்’ என்று பொருள்படும் சொல் 1970களுக்குப் பொருந்தாது. தானே எதிரியை முடித்துவைக்கும் பெண் பெரும்பாலும் பின்னால் வந்தவள்.

த.

———

த. ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

ஒன்று, அந்த ஒழுக்க வாசிப்பு. தூயவள், கன்னி என்ற திசையில் யாரும் சொல் தேடாமல் இருக்க இதைச் சொல்லியாக வேண்டும். ஜெஸ் கருவுற்றிருக்கிறாள், கருக்கலைப்பு செய்துகொள்வதாகக் காதலனிடம் நேராகச் சொல்கிறாள். லாரி தோழி ஆனியின் காரில் உட்கார்ந்து கஞ்சா சிகரெட் இழுத்து இருமுகிறாள். இருவரும் மிஞ்சுகிறார்கள். லாரியைத் தனிப்படுத்துவது அவளுடைய கவனம். வகுப்பறை ஜன்னல் வழியாகக் கொலைகாரனைப் பார்ப்பவள் அவள். வேலியோரம் நிற்பதைப் பார்ப்பவளும் அவளே. ஆனி எட்டிப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லை. ஒழுக்கம் தவறியதற்குத் தண்டனை தரும் படமாக எடுக்கவில்லை என்று இயக்குநர் கார்ப்பென்டரும் மறுத்திருக்கிறார்.

இரண்டு, இந்தப் பாத்திரம் ஏன் இந்தப் பத்தாண்டில் உருவானது என்பது. திகில் படத்துக்கு வேண்டியது உதவிக்கு ஆள் வராத ஒரு வீடு. பழைய படங்கள் அதற்காகக் கோட்டைக்கும் கல்லறைக்கும் போயின. பதின்பருவப் படத்துக்கும் வேண்டியது பெற்றோர் இல்லாத ஒரு வீடுதான், காதலுக்கும் கூத்துக்கும். இரண்டுக்கும் ஒரே வீடு போதும் என்று கண்டுகொண்டதே 70களின் செய்தி. ஹாலோவீனுக்கு முதலில் யோசித்த பெயரே ‘த பேபிசிட்டர் மர்டர்ஸ்’. இரவில் பெற்றோர் வெளியே போக, காசுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி மாணவி. அந்த வேலைக்கு நம்மிடம் சொல்லே இல்லை, அந்த வழக்கமும் இல்லை. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். வசந்த காலத்துக் கலிபோர்னியாவில் இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மீண்டும் தூவினார்கள். கொலைகாரனின் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகத்தில் செய்து கடையில் விற்ற முகமூடி. கண் துளையைப் பெரிதாக்கி வெள்ளை அடித்தது. தெருவும் வீடும் தொலைபேசியும் இருந்தால் படம் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது.

தொலைபேசியைக் கவனியுங்கள். தோழிகள் அரட்டையடிக்கும் பதின்பருவப் படத்துப் பொருள் அது. ஹாலோவீனில் தோழி லிண்டா ஃபோன் கம்பியாலேயே நெரிக்கப்படும்போது, மறுமுனையில் லாரி அதை விளையாட்டு என்றே முதலில் நினைக்கிறாள். இரண்டு வகைமையும் ஒரே கம்பியில் மாட்டியிருக்கும் காட்சி அது.

கேமராவும் சொல்லைத் தீர்மானிக்கிறது. படத்தின் தொடக்கத்தில் பானாகிளைட் என்ற, நடந்தபடி ஆடாமல் படம்பிடிக்கும் கருவியில் நீண்டு போகும் ஷாட் கொலைகாரனின் கண். முடிவில் அலமாரிக்குள் லாரியோடு பதுங்கிச் சட்டங்களின் இடுக்கு வழியே பார்ப்பது நாம். பார்வை கைமாறுகிறது. குளோவரின் வாதத்துக்கு உயிரே இந்தக் கைமாற்றம்தான்.

ஆகவே ‘மிஞ்சியவள்’ என்கிறேன். மிஞ்சு என்றால் மீதியாதல், விஞ்சுதல் இரண்டும். “கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்” என்ற பழமொழியில் இருப்பது அந்த இரண்டாம் பொருள். சாலி முதல் பொருளில் மிஞ்சினாள், லாரி இரண்டாம் பொருளையும் தொட்டாள். வகைமை வளர்ந்த வழியே சொல்லின் பொருளும் வளர்கிறது.

கா.

———

கா. அவர்களின் வேர்ச்சொல் சரி, வடிவம் சரியில்லை. மிஞ்சியவள் ஒரு கதையில் ஒருத்தியைச் சுட்ட உதவும். வகைப்பெயராக வைத்துப் பன்மைக்குப் போனால் மிஞ்சியவர்கள் ஆகிப் பெண்பால் போய்விடும், மிஞ்சியவள்கள் என்று எழுத முடியாது. சுருக்கி மிஞ்சி என்றால் கால்விரலில் போடும் மெட்டி.

வினைத்தொகையாக்குங்கள்: மிஞ்சுபெண். மிஞ்சிய, மிஞ்சுகிற, மிஞ்சும் என்று முக்காலமும் அதில் அடங்கும். முதல் காட்சியிலேயே ‘இவள் மிஞ்சுவாள்’ என்று இரசிகர் கண்டுபிடிக்கும் படங்களுக்கு அது தேவையும்கூட. பன்மை மிஞ்சுபெண்கள். மிஞ்சுமகள் என்றும் யோசித்தேன். அதில் மகள் மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுகிறாள்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல மிஞ்சுபெண். ‘மிஞ்சுப்பெண்’ என்று யாரும் மெய்ப்புத் திருத்திவிடக் கூடாது. இடைவெளி விட்டுப் பிரித்தும் எழுத வேண்டாம், மிஞ்சு தனியே நின்றால் ஏவல் வினையாகிவிடும்.

வ.

———

“அப்பனை மிஞ்சின பெண்” என்பது போல அடங்காதவள் என்ற தொனி வராதா?

மு.

———

மு. ஐயா, வரும். கொலைகாரனுக்கு அடங்காதவள் என்ற அளவில் வரட்டும். ந. அம்மாவும் இலங்கை வழக்கில் இடையூறு இல்லை என்று தனிமடலில் சொல்லிவிட்டார். பட்டியலில் இப்படிப் போகிறது:

மிஞ்சுபெண் (பெ.; பன்மை: மிஞ்சுபெண்கள்): ஸ்லாஷர் படங்களில், உடனிருந்தோர் கொல்லப்பட்ட பின்னும் உயிரோடிருந்து, நடப்பதை உணர்ந்து, கொலைகாரனை நேருக்கு நேர் சந்திக்கும் இளம்பெண். அவனை வெல்ல வேண்டும் என்பதில்லை. வெறுமனே விடுபட்டவள் இதில் அடங்காள். எ-டு: சாலி (1974), லாரி (1978). ஒப்பிடுக: சூ ஸ்னெல் (1976) மிஞ்சுபெண் அல்லள்.

அடுத்த மடலில், பார்ப்பவரைத் திடீரெனத் திடுக்கிட வைக்கும் ‘ஜம்ப் ஸ்கேர்’. ‘திடுக்காட்டு’ என்று ஒரு பரிந்துரை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

செ.