புதுப்பிப்பு: லீஸை நீட்டியாச்சு

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஃபிளாட்டுக்கு லீஸ் (நீண்ட காலக் குத்தகை) 80 வருஷம் 9 மாசம்தான் மிச்சம், 990 வருஷ நீட்டிப்பு தரும் 2024 சட்டப் பிரிவு அமலுக்கு வரும்வரை காத்திருக்கலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன்.

காத்திருக்கவில்லை. 80-க்குக் கீழே இறங்கினால் ‘மேரேஜ் வேல்யூ’ என்று, லீஸை நீட்டுவதால் வரும் மதிப்பு உயர்வில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு (நிலத்தின் சொந்தக்காரருக்கு) போய்விடும். நீட்டிப்பு கேட்டு நோட்டீஸ் கொடுத்த தேதியில் எத்தனை வருஷம் மிச்சம் என்பதுதான் கணக்கு என்பதால், இப்போது நடப்பில் உள்ள 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவில் உடனே அனுப்பிவிட்டோம். பதில் தரும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஃப்ரீஹோல்டரிடமிருந்து பதில் வந்தது, நாங்கள் சொன்ன தொகையைப்போல இரண்டு மடங்கு கேட்டு! இரு தரப்பு சர்வேயர்களும் (மதிப்பீட்டாளர்கள்) பேசி நடுவில் முடித்தார்கள். அவர்கள் தரப்பு வக்கீல், சர்வேயர் செலவும் நம் தலையில்தான், அதுதான் எரிச்சல்.

கூடுதலாக 90 வருஷம் கிடைத்தது. நில வாடகை இனி ‘ஒரு மிளகு’, அதாவது பேருக்கு மட்டும்தான். பத்திரத்தில் அப்படியேதான் இருக்கிறது. அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு மிளகை எடுத்து, “இந்தா, கட்டிட்டு வா” என்றாள்.