நீலகிரித் தைலம்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

கோவை அம்மா

இரண்டு ஆண்டுகளாக மனத்தை விட்டு அகலாத ஒன்றை எழுதுகிறேன். மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். ஐப்பசி மழையில் பிடித்த சளி மூக்கை அடைத்துக்கொண்டதால் இரவெல்லாம் தூங்காமல் அழுதான். எல்லோர் வீட்டிலும் இருக்கும் அந்தப் பச்சைக் குப்பி எங்கள் வீட்டிலும் இருந்தது. அத்தை விரல் நுனியில் தைலத்தைத் தொட்டு, குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு கோடு போல இழுத்தார்.

அழுவதற்காக வாயைத் திறந்தவனிடமிருந்து சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, கண்கள் என்னையே பார்த்தன, மார்பு அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அத்தை அவனைக் கவிழ்த்து முதுகில் தட்டிய பிறகு ஒரு பெரிய அழுகை வந்தது. மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, "மூக்கருகில் ஏதாவது தடவினீர்களா?" என்பதுதான். "அத்தை தடவினார்" என்றேன். அலமாரியிலிருந்து குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தவள் நான் என்பதைச் சொல்லவில்லை.

குன்னூர்க்காரன்

சகோதரி, குழந்தை நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் பழியைத் தைலத்தின் மீது போடுவதற்கு முன், அது தைலம்தானா என்று கேட்க வேண்டும். என் தந்தை முப்பது ஆண்டுகள் தைலம் காய்ச்சியவர். 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நீலகிரியில் வேரூன்றிய யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வருவது அது. மரத்தை விறகுக்காக நட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கற்பூர மரம் என்போம். உதிர்ந்த இலைகளைப் பெண்கள் பெருக்கி மூட்டையாகக் கொண்டுவருவார்கள். செம்புக் கொப்பரையில் இலையைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, களிமண்ணால் விளிம்பைப் பூசி அடைத்து, காய்ந்த இலையையே எரித்துக் காய்ச்சுவார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரைக் கடந்து இறங்கும்போது, கீழே வைத்த பாத்திரத்தில் நீருக்கு மேல் தைலம் மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். அதனால்தான் கலப்படம்.

அப்பா வாங்க வருபவர்களுக்கு முன் ஒரு தாள் துண்டில் ஒரு துளி விடுவார். சற்று நேரத்தில் அதை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டுவார். தாளில் எண்ணெய்க்கறை இல்லாவிட்டால் நல்ல தைலம். அந்தக் கொட்டகையில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்கள் வாங்கியது கலப்படமாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

குன்னூர் நண்பரின் தந்தை மீது மரியாதை உண்டு. ஆனால் அவர் முடிவு தவறு. தாள் சோதனை, தேங்காயெண்ணெய் போல ஆவியாகாத எண்ணெய் கலந்திருந்தால் மட்டுமே காட்டிக்கொடுக்கும். பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனைக் கலந்திருந்தால், அதுவும் தைலத்தைப் போலவே பறந்துவிடும். அதைவிட முக்கியமானது, தைலம் சுத்தமாக இருக்க இருக்க அதன் வீரியமும் கூடுகிறது என்பதுதான். மருந்துத் தரத் தைலத்தில் சினியோல் என்ற பொருள் 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது பிரித்தானிய மருந்து நூல். கைக்குழந்தையின் மூக்கருகே அந்தச் சினியோலின் நெடி பட்டால், குரல்வளை அனிச்சையாக இறுகி மூச்சு நின்றுபோகக்கூடும். கொட்டகைக் காற்றில் பரவிய வாசனையும் மூக்கின் கீழ் தடவிய துளியும் ஒன்றல்ல.

என் அனுபவம் சிறியது. ஒருநாள் கடைக்கு ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டபடி ஓடிவந்தார். இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த தைலத்தை இருட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தையின் வாயிலிருந்து ஊட்டி வாசனை வந்தது. தலை நிற்காமல் சரிந்தது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வரவில்லை.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. 108ஐ அழையுங்கள், குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தில், மார்பில், தலையணையில் தைலமும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பெரியவர்கள் மூட்டுவலிக்குத் தடவுவதானால், ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு மூன்று துளி போதும். குப்பியிலிருந்து நேரே தேய்த்தால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். நான் தைலத்துக்கு எதிரியல்லன். நடந்து களைத்த காலுக்கு இன்றும் தேய்த்துக்கொள்கிறேன்.

இரவுப்பணி

எல்லோரும் தைலத்தையே குற்றம் சொல்கிறீர்கள். என்னைச் சுட்டது வெந்நீர்தான். கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்துக்கொண்டு, போர்வைக்குள் ஆவி பிடித்தேன். தைலத்தைத் துளியாக விடாமல் மளமளவென்று ஊற்றியதில் கண் எரிந்து தலையைப் பின்னுக்கு இழுத்தேன், முழங்கை பட்டுப் பாத்திரம் சாய்ந்தது. தொடையில் வடு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அன்று மூக்கடைப்பு விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பாத்திரத்தை மேசை மேல், சுவரை ஒட்டி வைக்கிறேன், கண்ணை மூடிக்கொள்கிறேன், இரண்டு துளிக்கு மேல் விடுவதில்லை. மருந்தாளுநர் ஐயா எழுதியதைப் படித்தபின் வீட்டில் குப்பியைத் தொடவே பயப்படுகிறார்கள், அதுவும் சற்று அதிகம்.

கோவை அம்மா

எழுதிய எல்லோருக்கும் நன்றி. குன்னூர் அண்ணா சொன்னதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், சிறிது ஆறுதலாகத்தான் இருந்தது. கலப்படமாக இருந்திருந்தால் குற்றம் எங்கோ கடைக்குப் போய்விடும். அந்தக் குப்பியை நான் எறியவில்லை; மேல் அலமாரியில் துணிக்குப் பின்னால் இருந்தது. நேற்றிரவு மகன் தூங்கிய பிறகு, பால்கனியில் அவனுடைய ஓவிய நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஒரு துளி விட்டேன். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கறை எதுவும் இல்லை.