தண்ணி மோட்டார் ஆட்டோமேஷன்: புதுப்பிப்பு (பழைய வயரிங்கை மாற்றுங்கள்)

சம்ப்பிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்றும் 1 ஹெச்பி மோட்டாரை 16 ஆம்ப் ஸ்மார்ட் சுவிட்சில் நேரடியாகக் கொடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஓடும்போது 6, 7 ஆம்ப்தான். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். நாளடைவில் சுவிட்சுக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் இரு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆப் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரியான வழி: 230 வோல்ட் காயில் (காந்தச் சுருள்) உள்ள கான்டாக்டர், அதாவது மோட்டார் போன்ற பெரிய லோடை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்; அதன் ஏசி-3 ரேட்டிங் (மோட்டார் லோடுக்கான அளவு) குறைந்தது 9 ஆம்ப்; கூடவே மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே. ஸ்மார்ட் சுவிட்ச் காயிலை மட்டும் இயக்கட்டும். வயர் போகும் வரிசை: சுவிட்ச் அவுட்புட், மாடி ஃப்ளோட் (தண்ணீர் மட்டத்தைப் பார்த்து இயங்கும் மிதவை சுவிட்ச்), சம்ப் ஃப்ளோட், ஓவர்லோடு ரிலேயின் 95-96 முனைகள், பிறகு காயிலின் ஒரு முனையான ஏ1; நியூட்ரல் அதன் மறுமுனையான ஏ2-வுக்கு. மாடி ஃப்ளோட் டேங்க் நிறைந்ததும் துண்டிக்க வேண்டும், சம்ப் ஃப்ளோட் தண்ணீர் இறங்கினால் துண்டிக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் வராத நாளில் மோட்டார் வறண்டு ஓடி சீல் போவதை இந்த இரண்டாவதுதான் தடுக்கும். வயரிங்குக்கு எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள்.

ஆப்பில் இரண்டு செட்டிங்: 25 நிமிடத்தில் தானாக ஆஃப்; கரண்ட் போய் வந்தால் ஆஃப் நிலையிலேயே இருக்கட்டும்.

மிச்சம் எவ்வளவு? மோட்டார் சுமார் 1.1 கிலோவாட் இழுக்கும். தினம் 20 நிமிடம் வழிந்தால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்: 500 தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்களின் விலையும் ஏறுகிறது.