ஸ்பெக் பட்டியலின் கடைசி வரி

2025 காணும் பொங்கல் சாயங்காலம். மன்னார்குடிப் பக்கம் அத்தை வீட்டுத் திண்ணையில் மிச்சக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய கேம் கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-இன் அறிவிப்பு வீடியோ வந்தது. பழையதைவிடப் பெரிய ஸ்கிரீன் தெரிந்தது, பக்கத்து கன்ட்ரோலர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. உள்ளே என்ன சிப், எவ்வளவு ரேம் என்று ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட அது போதாதா?

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அத்தான், "4கே வரும், எழுதி வச்சுக்க" என்றார், அதாவது மிகத் துல்லியமான படம். என் தம்பி முன்கூட்டியே கசிந்த லீக் செய்திகளைத் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்தவன். என்விடியா டி239 சிப், அதில் கணக்குப் போடும் 1536 கோர், 12 ஜிபி ரேம் என்று அடுக்கினான். நான் போட்டிக் கருவியான ஸ்டீம் டெக் பக்கம் நின்றேன். கொள்கை எல்லாம் இல்லை, எதிர்க்கட்சிக்கு ஆள் வேண்டும் அல்லவா.

சிப்பின் வேகத்தை அளக்கும் டெராஃப்ளாப் கணக்கு சூடு பிடித்த நேரத்தில், போர்செட் மோட்டாரைக் கழற்றிப் போட்டு பேரிங் மாற்றிக்கொண்டிருந்த மாமா குரல் கொடுத்தார்: "மாப்ளே, மோட்டார் எத்தன ஹெச்பின்னே பேசுறீங்களே, டெலிவரி பைப்பு எத்தன இஞ்சு?"

சிரித்துவிட்டோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். சிப் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், ரேமிலிருந்து தகவல் வந்து சேரும் குழாய் ஒல்லியாக இருந்தால் கோர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். 2017-இல் வந்த முதல் ஸ்விட்சில் அந்தக் குழாய் விநாடிக்கு 25.6 ஜிபி. முதல் ஸ்டீம் டெக்கில் 88. புதியதில் கையில் வைத்து ஆடினால் 68, டிவியோடு இணைக்கும் டாக்கில் சொருகினால் 102 என்று பிறகு தெரிந்தது. அதாவது எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி. அத்தானுக்கும் அப்படித்தான்: 4கே உண்டு, ஆனால் டாக்கில் போட்டு டிவியில் பார்த்தால் மட்டும். கையில் 1080பி, அதைவிடக் குறைந்த துல்லியம்தான்.

ஏப்ரல் 2-ஆம் தேதி விவரமெல்லாம் வந்தது. 7.9 இன்ச் ஸ்கிரீன், அதன் வேகம் 120 ஹெர்ட்ஸ், 256 ஜிபி ஸ்டோரேஜ், 5220 எம்ஏஎச் கொள்ளளவு பேட்டரி. தம்பி உடனே, "பழசு 4310தான், இது எவ்வளவு பெருசு பாரு" என்றான். இந்த எம்ஏஎச் மோகம் நம்மை விடாது. கம்பெனி சொல்லும் நேரத்தைப் பாருங்கள்: முதல் ஸ்விட்ச் 2.5-இலிருந்து 6.5 மணி நேரம், புதியது 2-இலிருந்து 6.5. பேட்டரி பெரிதாகியும் நேரம் கூடவில்லை. 2019-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. அதே 4310 பேட்டரியை வைத்துக்கொண்டே பழைய ஸ்விட்சின் புதிய பதிப்பு 4.5-இலிருந்து 9 மணி நேரம் ஓடியது. சிப்பை 20 நேனோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து இன்னும் நுணுக்கமான 16-க்கு மாற்றியதால் அது மின்சாரம் குடிப்பது குறைந்தது. தொட்டி அதே தொட்டிதான், ஓட்டையைத்தான் அடைத்தார்கள்.

இதையெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மே மாதம் வந்தது.

நான் ஏற்கெனவே வேறொரு கையடக்கக் கணினி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். கத்திரி வெயிலில், மதியம் இரண்டரை மணிக்கு, மாடியில் ஷீட் போட்ட அறையில் உட்கார்ந்து ஆடினேன். முதலில் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. பிறகு படம் தட்டுத் தடுமாறியது. கொஞ்ச நேரத்தில் அதுவே அணைந்துபோனது. மாமாவிடம் சொன்னேன். "ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆயிருக்கும்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கிட்டத்தட்ட அதேதான். விசிறி வெளிக்காற்றை இழுத்துத்தான் சிப்பின் சூட்டைத் தள்ளுகிறது. உள்ளே போகிற காற்றே கொதித்தால் எதைத் தள்ளுவது? சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் நின்றுவிடும். அன்று ராத்திரிதான் கம்பெனிகள் தரும் ஸ்பெக், அதாவது தொழில்நுட்ப விவரப் பக்கங்களை அடிவரைக்கும் படித்தேன். ஸ்விட்சுக்கு, வைத்து ஆடும் இடத்தின் வெப்பநிலை 5-இலிருந்து 35 டிகிரி, ஈரப்பதம் 20-இலிருந்து 80 சதவீதம் என்று போட்டிருந்தது. ஸ்டீம் டெக்குக்கும் மேல்வரம்பு 35தான். நாலு மாதச் சண்டையில் ஒருத்தர்கூட இந்த வரியைத் தொடவில்லை. கத்திரியில் எங்கள் ஷீட் கூரைக்குக் கீழே 35 என்பது காலை டிபன் நேரத்து நிலவரம். ஈரப்பதமோ, ஐப்பசி அடைமழையில் டப்பாவுக்குள் இருக்கிற முறுக்கே நமத்துப்போகும் ஊர் இது.

நம் ஊரில் அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால், ஆடிப்பெருக்குக்கு வந்த அத்தான் சிங்கப்பூரிலிருந்தே ஒன்று வாங்கி வந்தார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் ஏசியைப் போட்டு ஆடிக்கொண்டே வந்தாராம், ஒரு குறையும் இல்லை என்றார். நான் 35 டிகிரி விஷயத்தைச் சொல்லப்போக, அது அத்தை காதில் விழுந்து தொலைத்தது. இப்போது கன்சோல் ஈரிழைத் துண்டில் சுற்றி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. சாவி அத்தை இடுப்பில். மதியத்தில் தம்பி போய் நின்றால் ஒரே பதில்தான்: "வெயில் தாழட்டும்டா, எடுத்துத் தர்றேன்."