“பத்து நிமிஷம் பேசிட்டு அனுப்பிடுறோம்” என்று கூட்டிப்போனால் அது கைதா?

பழைய செல்போன் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு சாயங்காலம் மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். “அய்யா கூப்பிடுறார், பத்து நிமிஷம் பேசிட்டு வந்துடலாம்.” ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் பைக்கிலேயே பின்னால் ஏறிப் போனேன். நான் வாங்கிய போன் ஒன்று திருட்டுப் போன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் என் செல்லை வாங்கி டிராயரில் போட்டு மூடினார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். யாரும் அடிக்கவில்லை, டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். அதனாலேயே எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று எழுந்தேன். பாராவில் நின்றவர் தலையை மட்டும் திருப்பி, “எங்க? உட்காரு” என்றார். உட்கார்ந்துவிட்டேன். என் செருப்பு வாசலில், பத்தடி தூரத்தில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

பதினொன்றரைக்கு மச்சான் ஒரு வக்கீலோடு வந்தார். வக்கீல் சத்தம் போடவில்லை. “சார், இவர் கைதா, சாட்சியா? கைதுன்னா மெமோ கொடுங்க, வீட்டுக்குத் தகவல் சொல்லுங்க. சாட்சின்னா நோட்டீஸ் கொடுங்க, காலையில வருவார்.” கால் மணி நேரத்தில் டிராயர் திறந்தது. மறுநாள் நோட்டீஸ் வந்தது, கொள்முதல் நோட்டை எடுத்துப்போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

கைது என்றால் விலங்கு மாட்டுவார்கள் என்றே நினைத்திருந்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவுப்படி, உடலைத் தொட்டாலோ அடைத்து வைத்தாலோ கைது. சொல்லாலோ செயலாலோ நாமே கட்டுப்பட்டுவிட்டால் தொடக்கூட வேண்டாம். ‘பிடித்துத்தான் வைத்திருக்கிறோம், கைது செய்யவில்லை’ என்கிற பேச்சை 1980-லேயே நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் சாடிவிட்டார். இது வெறும் சொல் தகராறு இல்லை. கைது என்றால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், அரசியலமைப்பின் 22-வது பிரிவு அது. ‘விசாரணை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கணக்கே தொடங்காதது போலக் காட்டலாம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ரோட்டில் நிறுத்தி லைசென்ஸ் பார்ப்பதையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது. சந்தேகம் வந்தால் மரியாதையாக ஒரே கேள்வி: “சார், நான் கிளம்பலாமா?” உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பதில்:

அண்ணா, எங்கள் வீட்டிலும் இதேதான். தம்பி ஏதோ அடிதடியைப் பார்த்திருக்கிறான் என்று அவனைத் தேடி வந்தவர்கள், அவன் இல்லாததால் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மணி ஏழு. அம்மா புடவை மாற்றக் கிளம்பிவிட்டார், நான்தான் நிறுத்தினேன். சாட்சியாகக் கேட்பதென்றால் பெண்களை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், நீங்கள் சொன்ன அதே சட்டத்தின் 179-வது பிரிவில் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அப்படித்தான். “அம்மா இங்கேயே பதில் சொல்வாங்க சார், உட்காருங்க” என்று நாற்காலி போட்டேன். ஏட்டய்யா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.