மார்மன் மாட்டுப்பண்ணை மூதாதை பற்றித் தேட உதவி தேவை

நண்பர்களே, எங்கள் மருமகள் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்தவர்); அரிசோனா எல்லையில் பைப் ஸ்பிரிங் பக்கம் மாடு மேய்த்தவர் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. 1870-களில் அங்கே இருந்தது திருச்சபையின் பண்ணை. மக்கள் தசமபாகமாக (திருச்சபைக்குத் தரும் பத்தில் ஒரு பங்கு) கொடுத்த மாடுகளைத்தான் அங்கே வளர்த்தார்கள். இவர் அதில் வேலைக்கு இருந்தாரா, சொந்த மந்தை வைத்திருந்தாரா?

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை கிடைத்தது. 1890 ஏடுகள் 1921 தீவிபத்தோடு போச்சு. அவருக்கு மனைவியர் இருவர் வேறு. பலதார மணத்துக்கு எதிரான 1882 சட்டத்துக்குப் பயந்து பலர் தலைமறைவான காலம், எந்தப் பிள்ளை யாருடையது என்றே புரியவில்லை.

மாடு யாருடையது என்று காட்ட அதன்மேல் சுடும் சூட்டுக்குறிகளின் பழைய பதிவேடுகளை எங்கே தேடலாம்? சால்ட் லேக் சிட்டியில் இருப்பவர்கள் யாராவது அங்குள்ள ஃபேமிலிசர்ச் நூலகத்துக்கு (முன்பு குடும்ப வரலாற்று நூலகம்) ஒரு எட்டு போய்ப் பார்க்க முடியுமா? பெயர் விவரங்களைத் தனியாக அனுப்புகிறேன்.